சூடு ஆறட்டும்

கை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் சுட்டது.
"வெயில்ல நின்னுச்சுக்கா" என்றான் சர்குணன்.
பாகாவில் காலையிலிருந்து தூறல்.

எனக்கு முன்பே யாரோ உதைத்து எழுப்பியிருக்கிறார்கள்.
சூடான எஞ்சின் விற்கிறவன் பக்கம் பேசும் என்று
ஒர்க்‌ஷாப் ஆ லோக் சொல்லி அனுப்பியிருந்தான்.
"ஆறட்டும்" என்று
கவிழ்த்த எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தேன்.
அவனுக்குப் பிடிக்கவில்லை.
இருந்தாலும் மைலோ வாங்கி வந்தான்.

டூ ஸ்ட்ரோக். காட்டு வண்டி.
மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி, கிராண்ட் கிடையாது.
"ரோட்டுக்கு இல்லக்கா, தோட்டத்துக்குள்ள மட்டும்."
என் வீட்டிலிருந்து தோட்டத்து கேட் வரைக்கும்
நானூறு மீட்டர் அரசாங்க ரோடு.
தள்ளிக்கொண்டே கடக்கலாம்,
முரண்டு பிடிக்கும் மாட்டைக் கூட்டிப் போவதுபோல.

எதற்கு என்று கேட்டார்கள்.
இருக்கிற கப்சாய் போதாதா என்றார் வீட்டுக்காரர்.
கூட்டு பிடிக்கும் சகுந்தலா,
"உன் முறை வந்தா சங்கிலி எடுப்பேன்னு நெனச்சேன்" என்றாள்.
இதிலும் சங்கிலி இருக்கிறது என்றேன்.

பதினோரு வருடமாக மில் வாசலில்
எடைமேடைக் கூண்டுக்குள் இருக்கிறேன்.
லாரி ஏறும், எண் ஆடி நிற்கும், சீட்டு கிழிப்பேன்.
பிளாக் ஒன்பது. பிளாக் இருபத்திரண்டு. பிளாக் பதினான்கு.
எது போன மாதம் எத்தனை டன் காய்த்தது என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
ஒன்றையும் பார்த்ததில்லை.
எல்லா லாரியும் செம்மண்ணோடு வரும்,
பதினான்கிலிருந்து வருவதன் டயரில் மட்டும் வெள்ளை மணல்.
அங்கே ஆறு இருக்கா என்று ஒருநாள் கேட்டேன்.
"இருக்கும்" என்றார் டிரைவர்,
கண்ணாடியை ஏற்றிக்கொண்டே.

இதைக் காரணம் என்று யாரிடம் சொல்வது?

மைலோ ஆறிவிட்டது. எஞ்சின் ஆறவில்லை.
சர்குணன் தானாகப் பேசத் தொடங்கினான்:
பிஸ்டன் போன வருடம் மாற்றியது
(ரசீது இல்லை),
ரேஸுக்குப் போனதே இல்லை
(முன் தகட்டில் நம்பர் ஒட்டிப் பிய்த்த பசை),
ஒரே ஆள் ஓட்டிய வண்டி
(எந்த ஆள்?).
புகைக்குழாயில் ஒரு நெளிவு.
அதைத் தடவியபடி, "இது மட்டும் நான்தான்க்கா,
கான்ல விழுந்துட்டேன்" என்றான்.
அப்போதுதான் வண்டியைக் கொஞ்சம் பிடித்தது.

பிளக்கைக் கழற்றச் சொன்னேன்.
பால் ஊற்றாத தேநீர் நிறம்.
சரி, மாட்டு என்றேன்.

ஐந்து மணிக்கு மில் சங்கு ஊதியது.
மறுபடி கை வைத்தேன். நனைந்த கல்லைப்போல் குளிர்ச்சி.
முதல் உதைக்கு ஒன்றுமில்லை.
இரண்டாவதற்கும் இல்லை. அவன் வானத்தைப் பார்த்தான்.
மூன்றாவதில் கிக்கர் திருப்பி அடித்தது
முழங்காலுக்குக் கீழே, எலும்பில்.
கெட்ட வார்த்தை ஒன்று என் வாயில் இருந்ததே
எனக்கு அன்றுதான் தெரியும்.
ஏழாவது உதையில்
நீலப் புகை.
கோழிகள் சிதறின. பிளாட் மாடியில்
ஒரு குழந்தை கைதட்டியது.
தகரக் கூரையில் கூழாங்கல்லைக் கொட்டி
நிறுத்தாமல் கொட்டிக்கொண்டே இருப்பதுபோல் சத்தம்.
அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு கடகடப்பு உண்டு.
கேட்டது.
கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

இருநூறு வெள்ளி முன்பணம் கொடுத்தேன்.
வண்டியை அணைத்து, துணி சுற்றி,
பிளக்கை நானே கழற்றிக் கைப்பையில் போட்டேன்.
"வெள்ளிக்கிழமை வரேன், வந்தா.
அதுவரைக்கும் யாரும் சூடாக்கக் கூடாது."
எட்டு வெள்ளிக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும் பிளக்.
அவனுக்கும் தெரியும்.
சிரிக்காமல் தலையாட்டினான்.

இன்று வியாழன்.
சீட்டுகள் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் பிளக்.
மேசைக்கடியில் என் கால், கத்தரிக்காய் நிறத்தில்.
பத்துக் கிலோவுக்குக் குறைந்ததை
இந்த மேடை கணக்கில் எடுக்காது.
பதினான்காம் பிளாக் லாரி ஏறி நிற்கிறது,
டிரைவர் சீட்டுக்குக் கை நீட்டுகிறார்.
"இருங்கண்ணே" என்று
கூண்டைவிட்டு இறங்கி
டயர் அருகில் குனிகிறேன்.

மணல் ஈரமாக இருக்கிறது.